கூழ்க்கார அம்சா கொடுத்த மனு

அம்சாவுக்குக் கோபம் வந்தால் முதலில் கை பேசும், அப்புறம்தான் வாய். கூழ் கிண்டிக் கிண்டி உரமேறிய கை அது. திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற ரோட்டில், சாவடிமேட்டு வளைவில், புளியமரத்தடியில் அவளுடைய தள்ளுவண்டி நிற்கும். கூழில் தண்ணி ஜாஸ்தி என்று சொன்ன ஒரு லாரி டிரைவரின் மண்டையில் சொம்பால் தட்டி, "அப்போ தண்ணிய வுட்டுட்டு கூழ மட்டும் குடி" என்றாளாம். அந்த ஆள் அதற்குப் பிறகும் வருசக்கணக்கில் அங்கேதான் குடித்தார். கூழ் அப்படி. தொட்டுக்கொள்ள மோர்மிளகாய், உப்புமாங்காய், வறுத்த கருவாடு. வெயிலில் வந்தவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

புருசன் சடையப்பன் செங்கல் லாரி ஓட்டியவன். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தான். மகள் கண்ணகியையும் மகன் ரஞ்சித்குமாரையும் அம்சா அந்த வண்டியை வைத்தே ஆளாக்கினாள். கண்ணகி மறைமலைநகர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனாள். அவளைக் கட்டியவன் துபாய் போய்விட்டதால், ஐந்து வயது ஸ்வாதியோடு அம்மா வீட்டிலேயே இருந்தாள். ரஞ்சித் குட்டியானை வண்டி ஓட்டினான். பூஞ்சேரி ஸ்டாண்டில் நிற்பான், சிமெண்ட், டைல்ஸ், கல்யாணச் சாமான் என்று எது கிடைத்தாலும் ஏற்றுவான்.

ரஞ்சித் கெட்டவன் இல்லை. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னால் அது பாதிப் பொய். திருப்போரூரில் ஸ்வாதிக்குக் காது குத்தியபோது, தாய்மாமன் மடியில்தானே உட்கார வைப்பார்கள், அந்தக் குட்டி வலியில் அவன் விரலைக் கடித்துவிட்டது. ரத்தம் வந்தது. பிள்ளையை விட அவன்தான் அதிகம் அழுதான். ஊரே சிரித்தது. அந்தப் பல் தடம் ஆறின பிறகும், "எம் மருமவ போட்ட மோதரம்" என்று எல்லாரிடமும் விரலைக் காட்டிக்கொண்டு திரிந்தான்.

அவனைக் கெடுத்தது சினவேல் டிவி.

சினவேல் டிவியில் சாயங்காலமானால் ஷ்யாம் என்று ஒருவன் கோட்டு மாட்டிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவான். ரயிலேறி வருகிற வெளியாட்களெல்லாம் கொலைகாரன், பிள்ளை பிடிக்கிறவன், இவர்களை விரட்டாதவன் ஆம்பளையே இல்லை. இதுதான் தினமும் பாட்டு, ராகம்தான் மாறும். எல்லைப்படை என்று ஒரு கூட்டம், அதற்கு இந்த டிவிதான் வாய். எங்கேயாவது நாலு பேர் சேர்ந்து ஒரு பானிபூரிக்காரனை மிதித்தால், அந்த வீடியோவைப் போட்டுப் பின்னால் மேளம் அடிப்பார்கள். ஓசியில் வருகிற சேனல் என்பதால் டீக்கடை, சலூன், ஒர்க்ஷாப் எல்லா இடத்திலும் அதுவே ஓடியது. குட்டியானையின் ஸ்டீயரிங் பக்கத்தில் செருகிய போனிலும் ஓடியது. எல்லைப்படை மாவட்டத் தலைவன் செங்கல்வராயன் ரஞ்சித்துக்கு ஒரு கறுப்புச் சட்டை கொடுத்தான். அதைத் துவைக்கிறபோதெல்லாம் அம்சா கல்லில் கொஞ்சம் பலமாகவே அடிப்பாள்.

"கேப்பையில நெய் வடியுதுன்றான் ஒருத்தன். நீயும் நாக்க நீட்டிகினு நிக்கிறியே, ஒனக்கு மூள கீதா?"

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது, கம்முனு இரும்மா."

"கேப்பையப் பத்தி எனக்குத் தெரியாதா நைனா? நாப்பது வருசமா அத்தத்தான் கிண்டிகினு கீறேன்."

இதைக் கேட்டு அவனே சிரித்துவிடுவான். ஆனால் போனை அணைக்க மாட்டான்.

வளைவுக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலை செய்த ஒடிசாக்காரர்கள் மத்தியானம் அம்சாவிடம்தான் வருவார்கள். அதில் ஒருவன் பிகாஷ். கம்பி கட்டுகிறவன், ஒல்லி, காது மடலில் எப்போதும் ஒரு பீடி. அவன் ஊரிலும் சோற்றில் தண்ணி ஊற்றிப் புளிக்கவைத்துத்தான் குடிப்பார்களாம். அதைக் கையால் காட்டிக் காட்டிச் சொன்னான். முதல் நாள் கூழைக் குடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அம்சாவோ மிளகாய்க் காரம் என்று நினைத்து மோரை ஊற்றினாள். வண்டியில் உட்கார்ந்திருக்கும் ஸ்வாதி அவளை ஆயா என்று கூப்பிட, அவனும் ஆயா என்றான். அவனுக்குத் தெரிந்த பத்து தமிழ் வார்த்தையில் அதுதான் சுத்தமாக வரும்.

ஆடி மாசம் நாலாம் ஞாயிறு, சாவடிமேட்டு அம்மனுக்குக் கூழ் வார்த்தார்கள். கொப்பரையில் துடுப்புப் போடுவது எப்போதும் அம்சாதான், வேறு யாரையும் பக்கத்தில் விடமாட்டாள். சவுக்குக் கட்டை நட்டுக் கீற்றுப் பந்தல், பனைமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் இரண்டு, பக்கத்தில் நிற்பவன் பேசுவதுகூடக் கேட்காது. கூழுக்கு ஊர், சாதி, முகம் பார்ப்பதில்லை. வரிசையில் நிற்கிற பாத்திரத்தில் ஊற்றவேண்டும், அதுதான் முறை. பிகாஷும் அவன் ஆட்களும் சொம்போடு நின்றார்கள்.

ஸ்வாதி ஒரு பெரிய தூக்குவாளியைக் கொண்டுவந்து நிரப்பிக்கொண்டாள். தூக்க முடியவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள், பாவாடையெல்லாம் கூழ், அழுகை. கண்ணகி ஓவர்டைம் என்று கம்பெனிக்குப் போயிருந்தாள். வரிசையோ கோயிலைச் சுற்றி நின்றது. அம்சா துடுப்பை விட முடியாது.

"டேய் பிகாசு, இத்த எடுத்துகினு போய் வூட்ல வச்சிட்டு, இந்தக் குட்டியயும் வுட்டுட்டு வாடா. தாப்பா போட்டுட்டு வா."

தூக்குவாளியை அவன் ஒரு கையில் எடுத்தான். இன்னொரு கையின் சுண்டுவிரலை ஸ்வாதி பிடித்துக்கொண்டாள். இருவரும் ஏரிக்கரை வழியாகப் போனார்கள். அம்சா கண்ணை எடுத்துக் கொப்பரையைப் பார்த்தாள். அடி பிடிக்கிற வாசனை வந்ததால் துடுப்பை வேகமாக ஓட்டினாள்.

யாரோ ஒருவன் மாடியிலிருந்து அதை போனில் எடுத்தான். யாரென்று இன்றுவரை தெரியாது. எல்லைப்படை குரூப்பில் போட்டான். அங்கிருந்து அது சினவேல் டிவிக்குப் போவதற்குக் கூழ் ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. சிவப்பு வட்டம் போட்டு, நேரலை என்று போட்டு, ஷ்யாம் மேஜையைக் குத்தினான்.

"பட்டப்பகலில், மாமல்லபுரம் அருகே, கோயில் திருவிழாவிலிருந்து நம் பிள்ளையை இழுத்துச் செல்கிறான் பாருங்கள்! இந்தக் குழந்தைக்குத் தாய்மாமன் என்று ஒருவன் இருக்கிறானா, இல்லையா? இருந்தால் அவன் கையில் என்ன மாட்டியிருக்கிறான், வளையலா?"

பூஞ்சேரி ஸ்டாண்டில் டைல்ஸ் இறக்கிக்கொண்டிருந்த தாய்மாமன் அதைப் பார்த்தான். பச்சைப் பாவாடை. அவன் எடுத்துக்கொடுத்த பாவாடை. முதலில் அம்மாவுக்குத்தான் போன் போட்டான், மூன்று தடவை போட்டான். அம்சாவின் போன் பையில், பை பந்தக் காலில், அதற்கு மேல் ஸ்பீக்கர். அவளுக்கு எங்கே கேட்கும்? நாலு பேர், இரண்டு பைக், கறுப்புச் சட்டை. புறப்பட்டுவிட்டான்.

பிகாஷ் பிள்ளையை வீட்டில் விட்டு, அவளுக்குப் பொம்மைப் படம் போட்டுக்கொடுத்து, கூழைப் பானையில் கொட்டி, கேட்டுக்குத் தாழ்ப்பாளும் போட்டுவிட்டு ஏரிக்கரையில் திரும்பி வந்துகொண்டிருந்தான். கையில் காலித் தூக்குவாளி. கழுவியிருந்தான், தண்ணி சொட்டிக்கொண்டிருந்தது. பைக் இரண்டும் அவனை மறித்தன.

கோயிலில் ஒருத்தி ஓடிவந்து அம்சாவின் காதில் கத்தினாள். "அக்கா, ஒம் பேத்திய இஸ்துகினு போனவன ஏரிக்கரையில போட்டு அடிக்கிறாங்க."

என் பேத்தியை எவன் இழுத்துக்கொண்டு போனான் என்று ஒரு கணம் நின்றாள். பிறகு அவளுக்குப் புரிந்தது. துடுப்போடு ஓடினாள். பாதி வழியில் செருப்பு அறுந்தது. ஏரிக்கரையில் அதற்குள் கூட்டம் கூடியிருந்தது. நாலு பேர் ஆரம்பித்ததை நாற்பது பேர் செய்துகொண்டிருந்தார்கள். பந்தலுக்கு மிஞ்சிய சவுக்குக் கட்டைகள் அங்கேதான் கிடந்தன, ஆளுக்கு ஒன்று. கட்டை உடம்பில் விழுகிற சத்தம் ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம்தான். ஒருவன் அடிக்க, ஒருவன் போனில் எடுக்க, ஒருவன் "மூஞ்சிய காட்டுடா" என்று முடியைப் பிடித்துத் தூக்கினான். முகம் என்று காட்ட அங்கே பெரிதாக எதுவும் இல்லை. ஒரு கண் மூடிவிட்டது, தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. தூக்குவாளி நசுங்கிக் கிடந்தது. அதை எடுத்தே அவன் நெற்றியில் அடித்திருந்தார்கள்.

அம்சா துடுப்பை வீசினாள். யார் தோள், யார் கை என்று பார்க்கவில்லை. கூட்டம் வழி விட்டது. கடைசியாக ஒருவன் கட்டையை ஓங்கிக்கொண்டு பிகாஷின் தலைமாட்டில் நின்றான். அவன் விரலில் பல் தடம் இருந்தது. கட்டை இறங்கியது. அம்சாவின் கண் முன்னால், அவள் கை எட்டாத தூரத்தில் இறங்கியது. பிகாஷின் கால் இரண்டு தடவை உதைத்து நின்றது.

அவனை மடியில் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவில் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது அவன் வாயிலிருந்து ரத்தத்தோடு கூழும் வந்தது. காலையில் அவள் ஊற்றியது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உடம்பு கனத்திருந்தது.

ரஞ்சித்தையும் மற்ற மூன்று பேரையும் போலீஸ் பிடித்தது. ஊரெல்லாம் பிளெக்ஸ் முளைத்தது. "மருமகள் காத்த மாவீரன், தாய்மாமன்டா!" என்று போட்டு, காதுகுத்துப் படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். ரஞ்சித் மடியில் ஸ்வாதி, பின்னால் பட்டுப்புடவையில் அம்சா பல் தெரியச் சிரிக்கிறாள். அந்தப் பிளெக்ஸுக்குக் கீழேதான் அவள் தினமும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகவேண்டியிருந்தது.

செங்கல்வராயன் வீட்டுக்கே வந்தான். நல்ல வார்த்தை, பணிவு, பழத்தட்டு எல்லாம் இருந்தது. "வக்கீல நாங்க பாத்துக்கிறோம்மா. புள்ளையத் தூக்கினு போனான், மாமங்காரன் காப்பாத்தப் போனான், கைகலப்புல ஆயிடுச்சி. கேசு நிக்காது. நீ ஒண்ணும் பேச வேணாம். பேசாம இருந்தாவே போதும்."

"தம்பி உள்ளாற கீறாம்மா" என்று கண்ணகி காலைப் பிடித்தாள். போலீஸ் கேட்டபோது, "நான் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சி போச்சி" என்றாள் அம்சா. தூக்குவாளியைக் கொடுத்து அனுப்பியது யாரென்று அவளும் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லவில்லை. வரிசையில் நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர்! எல்லாருக்கும் அன்றைக்குப் பார்த்துக் கண்ணில் தூசி விழுந்துவிட்டது.

சினவேல் டிவி மட்டும் பேசாமல் இருக்கவில்லை. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத மாதிரி, ஷ்யாம் தினமும் ஸ்வாதிக்காக அழுதான். அந்த வீடியோவைத் திருப்பித் திருப்பிப் போட்டான். பச்சைப் பாவாடை, சுண்டுவிரல், சிவப்பு வட்டம். ஆவணியில் மதுராந்தகம் ஏரிக்கரையில் ஒரு ஐஸ் வண்டிக்காரனை அடித்துக் காலை ஒடித்தார்கள். பிறகு கூடுவாஞ்சேரியில் ஒருவனை ஸ்டேஷன் படிக்கட்டிலிருந்து உருட்டிவிட்டார்கள். அவன் வெளியாளும் இல்லை, தர்மபுரிக்காரன், போர்வை விற்க வந்தவன். தமிழில்தான் கத்தியிருக்கிறான், யார் கேட்டார்கள்? ரெண்டு நாள் இருந்து செத்தான். அடித்தவர்கள் பேட்டி கொடுத்தார்கள். "சாவடிமேட்டுத் தாய்மாமன் அண்ணனப் பாத்துத்தான் எங்களுக்கு வீரம் வந்துச்சி."

அதைக் கேட்டபோது அம்சா டீக்கடையில் நின்றுகொண்டிருந்தாள். டீயைக் குடிக்காமல் கீழே வைத்தாள். தான் பிகாஷிடம் ஒரு தூக்குவாளியைக் கொடுத்ததற்கு இன்னும் எத்தனை பேர் சாவார்கள் என்று அவளுக்குப் பயம் வந்தது. அந்தப் பயம் மகனை நினைத்து இருந்த பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. அடுத்த திங்கட்கிழமை செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினாள்.

கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதிக்கொடுக்கிற அப்பாசாமி, பட்டா, முதியோர் பென்சன், கால்வாய் ஆக்கிரமிப்பு என்று எல்லாவற்றையும் தூங்கிக்கொண்டே எழுதக்கூடியவர். அம்சா சொல்லச் சொல்ல அவர் தூக்கம் போய்விட்டது.

"சினவேல் டிவியத் தட பண்ணணும்னு எழுது. அதுல வர்றது பொய்யி. அந்தாளு எம் பேத்தியத் தூக்கினு போவல. நான்தான் அனுப்பிச்சேன். அந்தப் பொய்யக் கேட்டுத்தான் எம் புள்ள ரஞ்சித்குமாரு அவன அடிச்சிக் கொன்னான். நான் பாத்தேன்."

அப்பாசாமி பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டார். "தாயி, இந்த வரிய எழுதினா ஒம் புள்ள வெளிய வரமாட்டான். எய்தவன் இருக்க அம்ப நோவானேன்னு சொல்லுவாங்க. டிவிய மட்டும் எழுதுவோம். புள்ள பேரு வேணாம்."

"அம்பு குத்தின எடத்துல நான் இருந்தேன் அண்ணாத்த. ரெண்டயும்தான் நோவேன். எழுது."

அவர் எழுதினார். எழுதி முடித்துக் கூலி வாங்க மாட்டேன் என்றார். அவரைத் திட்டிக் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள்.

மனுவைப் படித்த அதிகாரியம்மா அவளை உட்காரச் சொன்னார். "சேனலை நிறுத்துற அதிகாரம் டெல்லியில இருக்குற அமைச்சகத்துக்குத்தான்மா. ஆனா கேபிள் டிவியைக் கவனிக்க மாவட்டத்துல ஒரு கண்காணிப்புக் குழு இருக்கு. வெறும் புகாரா போனா நிக்காது. இந்த வீடியோ பொய்னு, அங்க இருந்தவங்க யாராவது சாட்சி சொல்லணும். நீங்க சொன்னா அறிக்கையோட அனுப்பலாம். ஆனா அதே வாக்குமூலம் உங்க பையன் கேஸுக்கும் போகும். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதாம்மா பஸ் ஏறினேன்" என்றாள் அம்சா.

சொன்னாள். கையெழுத்துப் போட்டாள். வீட்டுக்கு வந்து ஸ்வாதிக்குத் தலை சீவிவிட்டாள். அன்றைக்கு வகிடு கோணிக்கொண்டது, அழித்து மறுபடி எடுத்தாள்.

விசயம் எப்படியோ வெளியே போனது. இரண்டு நாளில் ஷ்யாம் அவள் படத்துக்கு சிவப்பு வட்டம் போட்டான். "பெற்ற மகனைக் காட்டிக்கொடுத்த இவளும் ஒரு தாயா? வடக்கிலிருந்து இவளுக்கு எவ்வளவு வந்தது? சாவடிமேட்டில் ரோஷமுள்ளவன் ஒருவனும் இல்லையா?"

ரோஷமுள்ளவர்கள் மறுநாள் மத்தியானமே வந்தார்கள், ஆறேழு பேர். அவள் வண்டியில் வயிறு வளர்த்த பயல்கள்தான், முகத்தைக் கைக்குட்டையால் கட்டியிருந்தால் தெரியாமல் போகுமா? முதல் அடி கூழ்ப்பானைக்கு. இரண்டாவது வண்டிச் சக்கரத்துக்கு. அம்சா துடுப்பை எடுத்தாள். ஒருவன் முழங்காலில் போட்டாள், அவன் சுருண்டான். இன்னொருவன் காதில் போட்டாள். மூன்றாவது ஆள் கட்டையின் முனையால் அவள் வாயில் குத்தினான். முன்பல் இரண்டும் உடைந்து நாக்கில் கிடந்தன. கீழே விழுந்தவளின் விலாவில் உதைத்தார்கள். கூழும் ரத்தமும் கருவாடும் ஒன்றாகத் தார்ரோட்டில் ஓடியது. போகும்போது ஒருவன் அவள் மேலேயே துப்பிவிட்டுப் போனான்.

உதட்டில் தையல் போட்டார்கள். கண்ணகி அவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை.

ஐப்பசி மழைக்கு நடுவில் ரஞ்சித்துக்கு ஜாமீன் கிடைத்தது. எல்லைப்படை திறந்த ஜீப்பில், ரோஜா மாலையோடு, பறை அடித்துக்கொண்டு அவனை அழைத்துவந்தது. சினவேல் டிவி வண்டி முன்னால் வந்தது, அதில் ஷ்யாமே நேரில் வந்திருந்தான். எல்லாம் நேரலை. சாவடிமேட்டு வளைவில், அவளுடைய வண்டி நின்ற புளியமரத்தடியில், பெரிய பிளெக்ஸுக்கு முன்னால் ஜீப்பை நிறுத்தினார்கள். கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. அம்சாவும் வந்து நின்றாள். கையில் துடுப்பு. அவளுக்கு மகனைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

ஷ்யாம் ஜீப்பில் ஏறி மைக்கை நீட்டினான். "தாய்மாமனே! உன் மருமகளைக் காப்பாற்றிய அந்த நொடியில் உன் மனதில் என்ன ஓடியது? தமிழ்நாடே கேட்கிறது, சொல்."

ரஞ்சித் மைக்கைப் பார்க்கவில்லை. மரத்தடியில் அம்மாவைப் பார்த்தான். வீங்கிய உதடு, தையல், பல் இல்லாத ஓட்டை.

"எங்கம்மா வாய்ல யாரு அடிச்சது?"

"அத்த அப்புறம் பேசிக்கலாம் மச்சான்" என்றான் செங்கல்வராயன்.

"யாருடா அடிச்சது?"

கறுப்புச் சட்டைகளில் இரண்டு மூன்று பேர் குனிந்துகொண்டார்கள். அதிலேயே அவனுக்குப் பதில் கிடைத்துவிட்டது. மாலையைக் கழற்றினான். மைக்கைத் தன் கையால் வாங்கினான்.

"அவன் ஆயான்னு சொன்னான். ஆயா குடுத்துச்சி, ஆயா குடுத்துச்சின்னு தூக்குவாளியக் காட்டினான். எனக்குக் கேட்டுச்சி. முத அடிக்கு முன்னாடியே கேட்டுச்சி. பின்னாடி மூணு பேரு நிக்கிறாங்க, டிவியில வேற வளையலான்னு கேட்டுட்டான். வெறுங்கையோட எப்டி திரும்பிப் போவேன்? அதான் அடிச்சேன். பாப்பா வூட்ல பொம்மப் படம் பாத்துகினு இருந்துச்சி."

ஷ்யாம், "கட், கட்" என்று கையை ஆட்டினான். டிவி வண்டிக்குள் இருந்தவனுக்கு விசயம் உறைப்பதற்குள் அத்தனையும் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

"துரோகி" என்று யாரோ ஒருவன்தான் கத்தினான். அது போதுமாயிருந்தது. சற்று முன்னால் தோளில் தூக்கிய கைகளே காலைப் பிடித்து இழுத்தன. ஜீப்பிலிருந்து தலைகீழாக விழுந்தான். பிளெக்ஸ் கட்டியிருந்த சவுக்குக் கட்டைகளைப் பிடுங்கினார்கள். பிளெக்ஸ் சரிந்து, காதுகுத்துப் படம் சேற்றில் மல்லாந்து விழ, அதன் மேலேயே ஏறி மிதித்துக்கொண்டு அடித்தார்கள். அதே சத்தம். ஈரத் துணிச் சத்தம்.

அன்றைக்கு ஏரிக்கரையில் எட்டாத தூரம், இன்றைக்கு எட்டியது. அம்சா துடுப்பைச் சுழற்றிக்கொண்டு உள்ளே புகுந்தாள். துடுப்பு முறிந்தது. முறிந்ததைப் போட்டுவிட்டு மகன் மேல் குப்புற விழுந்தாள். அவன் தலையைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டாள். அடிகள் முதுகில் விழுந்தன. வலது மணிக்கட்டு உடைந்தது அவளுக்கே கேட்டது. "அடிங்கடா, நாந்தான் அனுப்பிச்சேன், என்ன அடிங்கடா" என்று பல் இல்லாத வாயால் கத்திக்கொண்டே இருந்தாள். போலீஸ் வந்து இழுத்தபோதும் பிடியை விடவில்லை.

பிழைத்தார்கள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் அவன், பெண்கள் வார்டில் அவள். வாக்குமூலம் வாங்க அதிகாரிகள் வந்தார்கள். அவள் முன்பு சொன்னதையே மறுபடி சொன்னாள், அவன் மைக்கில் சொன்னதையே சொன்னான். சாமர்த்தியசாலி ஒருவன் பக்கத்தில் இருந்திருந்தால் மாற்றிச் சொல்லச் சொல்லியிருப்பான். அவனுடைய ஜாமீன் ரத்தானது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஜெயில்.

தை பிறந்து சில நாளில் டெல்லியிலிருந்து உத்தரவு வந்தது. மாவட்ட அறிக்கை, அம்சாவின் மனு, அந்த நேரலை எல்லாம் சேர்த்து. சினவேல் டிவி இருந்த இடத்தில் கறுப்புத் திரை. டீக்கடைக்காரர் அதைக் காட்டி, "சாதிச்சிட்டம்மா" என்றார். அம்சாவுக்குச் சந்தோசம் வரவில்லை. மகன் ஜெயிலில் இருக்கும்போது யாருக்கு வரும்? ஷ்யாம் இப்போது வேறு பெயரில் யூடியூபில் கத்துகிறானாம். அதற்கும் ஒரு மனு எழுதச் சொல்லி அப்பாசாமியிடம் போனாள். வலது கை விரல் மடங்கவில்லை, இடது கையால் கையெழுத்து.

கண்ணகி இன்னும் அவளிடம் சரியாகப் பேசுவதில்லை. மாசத்துக்கு ஒருமுறை ஜெயிலுக்குப் போய் வருகிறார்கள், தனித்தனிப் பஸ்ஸில்.

இந்த வருசம் ஆடியில் கூழ் வார்த்தபோது துடுப்பை வேறொருத்தி பிடித்தாள். அம்சா சொம்பால் ஊற்றினாள். வரிசையில் வெளியூர் ஆள் ஒருவர்கூட இல்லை. ஸ்வாதி தூக்குவாளியோடு வந்தாள். பழையது நசுங்கியதால் புதிது வாங்கியிருந்தார்கள். நிரப்பிய பிறகு பிள்ளை நாலு பக்கமும் பார்த்தாள்.

"ஆயா, யாரு தூக்கினு வருவா?"

சுற்றி இருந்தவர்கள் கேட்காத மாதிரி நின்றார்கள். அம்சா சொம்பை வைத்துவிட்டு, இடது கையால் தூக்குவாளியை எடுத்தாள். பிள்ளை அவளுடைய வளைந்த வலது கையின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுப் பக்கம் போகாமல் அடுக்குமாடி கட்டுகிற இடத்துக்குப் போனார்கள். தகரக் கொட்டகைக்குள் ஆட்கள் இருக்கிற சத்தம் கேட்டது. ஸ்வாதி முன்னால் ஓடி, "ஆயா கூழு கொண்டாந்துகீது" என்று கதவைத் தட்டினாள்.

சத்தம் நின்றது. உள்ளே யாரோ தாழ்ப்பாள் போட்டார்கள்.

பிள்ளைக் குரல் கேட்டுத்தான் போட்டார்கள் என்பது அம்சாவுக்குத் தெரிந்தது. தூக்குவாளியை வாசலில் வைத்து, மூடியின் மேல் ஒரு கல்லையும் வைத்தாள். மறுநாள் போய்ப் பார்த்தபோது அது அப்படியே இருந்தது, கல்கூட நகரவில்லை. புளித்துப் பொங்கியிருந்ததை மண்ணில் கொட்டினாள், பாத்திரத்தைக் கழுவினாள். அடுத்த ஞாயிறு மறுபடி நிரப்பிக்கொண்டு போனாள்.